ஒரே கல்லூரி, மூன்று பல்கலைக்கழகம்: பட்டம் செல்லுமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே தனியார் பொறியியல் கல்லூரியில் படித்தோம். நான் 1999ல் சேர்ந்தேன். என் பட்டச் சான்றிதழில் பாரதியார் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது. தம்பி 2001ல் சேர்ந்தான். அவனுக்கு அண்ணா பல்கலைக்கழகம். சித்தப்பா மகன் 2007ல் சேர்ந்தான். அவனுக்கு அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர். நான் இப்போது வேலை மாறும்போது சான்றிதழ் சரிபார்க்கும் ஏஜென்சி, 'பாரதியாரில் பி.இ. கிடையாதே' என்கிறது. கனடாவுக்கு முயலும் சித்தப்பா மகனிடம் கன்சல்டன்ட், 'அந்தப் பெயரில் பல்கலைக்கழகமே இல்லை' என்கிறார். இதற்கு நடுவில் என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அதே கல்லூரி இப்போது தன்னாட்சிக் கல்லூரி. அங்கே சேர்க்கலாமா? நான்கு வருடத்துக்குள் மறுபடி பெயர் மாறினால் என்ன செய்வது?

பதில்: மூன்று பட்டங்களும் செல்லும். அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு பட்டம் செல்லுமா என்பதற்கு, அது வழங்கப்பட்ட நாளில் வழங்கிய பல்கலைக்கழகத்துக்குச் சட்டப்படி அந்த அதிகாரம் இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் இன்று பி.இ. நடத்துகிறதா, அதே பெயரில் இருக்கிறதா என்பதெல்லாம் வேறு கேள்வி. ஏஜென்சியும் கன்சல்டன்டும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. தமிழ்நாட்டு உயர்கல்வியின் வரைபடம் அத்தனை முறை வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால் அவர்களுக்கு எழுத வேண்டிய பதிலும் கிடைத்துவிடும், மகள் விஷயத்தில் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் தொடங்கியபோது அது பாடம் நடத்துகிற இடமே அல்ல. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தது. கல்லூரிகள் ஊர் ஊராக இருக்கும், பாடம் அங்கே நடக்கும். பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு வைப்பதும் பட்டம் தருவதும் பல்கலைக்கழகத்தின் வேலை. கடல் தாண்டியும் அதன் கை நீண்டது. அதன் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். மைசூர் 1916ல் பிரிந்தது, ஆந்திரா 1926ல், திருவிதாங்கூர் 1937ல். கல்லூரி நடத்துபவர் ஒருவர், தேர்வு நடத்துபவர் இன்னொருவர் என்ற அந்த ஏற்பாடு மட்டும் இன்றுவரை மாறவில்லை. 'இணைவு பெற்ற கல்லூரி' என்று போர்டில் எழுதியிருப்பது இதைத்தான். போர்டில் கல்லூரியின் பெயர் பெரிதாக இருக்கும். உங்கள் மதிப்பெண்ணும் பட்டமும் இருப்பது பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. கல்லூரி இருந்த இடத்திலேயே இருக்க, அதற்கு மேலே இருக்கும் பல்கலைக்கழகத்தை மாற்றிவிடலாம். அரசுகள் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தன. தென் மாவட்டக் கல்லூரிகள் சென்னையிலிருந்து பிரிந்து 1966ல் மதுரைக்குப் போயின. 1982ல் கோவைப் பக்கத்துக்குப் பாரதியாரும் திருச்சி, தஞ்சைப் பக்கத்துக்குப் பாரதிதாசனும் வந்தன. மதுரையிலிருந்து நெல்லை, தூத்துக்குடி, குமரியைப் பிரித்து 1990ல் மனோன்மணியம் சுந்தரனார். சேலத்துக்கு 1997ல் பெரியார், வேலூருக்கு 2002ல் திருவள்ளுவர். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மாவட்டத்து மாணவர்கள் ஒரு பெயரில் சேர்ந்தார்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள் வேறு பெயரில் சேர்ந்தார்கள்.

மாவட்டவாரியாக வெட்டியது போதாதென்று துறைவாரியாகவும் வெட்டினார்கள். வேளாண்மை 1971ல் தனியாகப் போனது. மருத்துவக் கல்லூரிகள் 1988ல் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. அதனால்தான் உங்கள் ஊர் மூத்த டாக்டரின் எம்.பி.பி.எஸ். சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று இருக்கும். கல்வியியல் கல்லூரிகளுக்கு 2008ல் தனிப் பல்கலைக்கழகம். பி.எட். படித்தவர்கள் இதே கேள்வியோடு எனக்கு நிறையவே எழுதுகிறார்கள்.

இனி பொறியியல் கதை. கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி நான்கையும் சேர்த்து 1978ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. அப்போது அதற்கு வெளிக் கல்லூரிகள் கிடையாது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. பஸ் அதிபர்கள், ஆலை முதலாளிகள், சமூக அறக்கட்டளைகள் என்று பலரும் கல்லூரி கட்டினார்கள். அவை அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகத்தில் இணைந்தன. ஈரோடு மாவட்டம் என்றால் பாரதியார். ஆகவே நீங்கள் சேர்ந்த 1999ல், உங்கள் கல்லூரிக்குப் பி.இ. பட்டம் தரும் அதிகாரம் பாரதியார் பல்கலைக்கழகத்திடம்தான் இருந்தது. வேறு யாரிடமும் இல்லை.

ஆனால் விசித்திரமான ஒரு நிலை உண்டாகியிருந்தது. 1997லிருந்து மாநிலம் முழுவதற்கும் ஒரே கவுன்சலிங். எல்லோரும் ஒரே வரிசையில் நின்று சீட் வாங்கினார்கள். உள்ளே போனதும் ஆளுக்கொரு பாடத்திட்டம், ஆளுக்கொரு வினாத்தாள், ரிசல்ட் வரும் தேதியும் ஆளுக்கொன்று. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனிகளுக்கு 70 சதவீதம் என்றால் எந்தப் பல்கலைக்கழகத்து 70 என்று புரியவில்லை. கலைக் கல்லூரிகளின் சுமையோடு பொறியியலையும் சுமந்த வட்டாரப் பல்கலைக்கழகங்களுக்கும் மூச்சு முட்டியது. 2001ல் அண்ணா பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தி, மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளை எல்லாம் அதன் கீழ் கொண்டுவந்தார்கள். 2001-02ல் சேர்ந்தவர்கள் அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்கள் பழைய பல்கலைக்கழகத்திலேயே முடித்தார்கள். உங்களுக்கும் தம்பிக்கும் பெயர் மாறியது இப்படித்தான்.

ஐந்தாறு வருடம் கழித்து, 'இத்தனை கல்லூரிகளை ஓர் அலுவலகம் எப்படிப் பார்க்கும்' என்ற நியாயமான கேள்வி வந்தது. 2007ல் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரித்தார்கள். 2010ல் மதுரையும் சேர்ந்தது, பெயர் 'அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்' ஆனது. சித்தப்பா மகன் படித்தது சரியாக இந்த இடைவெளியில். ஆட்சி மாறியதும் 2012ல் எல்லாவற்றையும் மறுபடி கிண்டியோடு இணைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், பிரித்ததற்கும் காரணம் இருந்தது, சேர்த்ததற்கும் இருந்தது. ஐந்தே வருடத்துக்குள் இரண்டையும் செய்ததுதான் தப்பு. ஒரு பல்கலைக்கழகம் தன் பெயரை நாலு பேருக்குத் தெரியவைக்கவே அதைவிட அதிக காலம் ஆகும். 'சென்னை' என்ற சொல் சான்றிதழில் இல்லாவிட்டால் மதிப்பு குறையுமோ என்று அந்த பேட்ச் பிள்ளைகள் தவித்த தவிப்பு எனக்குத் தெரியும்.

அந்தப் பிரிவினையின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். கோவை, மதுரை, நெல்லையில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகங்கள் அப்போதைய தலைமையிடங்கள். கவுன்சலிங் கல்லூரிக் குறியீட்டைக் கவனியுங்கள்: கோவை, ஈரோடு பக்கமெல்லாம் 2ல் தொடங்கும். பி.எஸ்.ஜி. டெக் 2006, கொங்கு 2711, குமரகுரு 2712. சென்னைப் பக்கம் 1, மதுரைப் பக்கம் 5. ஐந்து மண்டலமும் எண்ணில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும்?

உங்கள் விஷயத்தில் ஏஜென்சியோடு போனில் வாதாடிப் பயனில்லை. அவர்கள் ஒரு படிவத்தை நிரப்புகிறவர்கள்; காகிதம் வேண்டும். பட்டம் வழங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் உண்மைத்தன்மைச் சான்று கேட்டு விண்ணப்பியுங்கள். பொறியியல் இணைவு போய்விட்டாலும் அந்த ஆண்டுகளின் பதிவேடு அங்கேதான். விண்ணப்பத்தோடு பட்டச் சான்றிதழ், எட்டு செமஸ்டர் மார்க் ஷீட், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் நகல்களை வையுங்கள். அப்புறம் கல்லூரி முதல்வரிடம் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்குங்கள்: 'இன்ன பதிவெண் மாணவர் 1999 முதல் 2003 வரை இங்கு படித்தார், அக்காலத்தில் கல்லூரி பாரதியார் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்றிருந்தது, 2001 சட்டத் திருத்தத்துக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு இணைவு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு மாறியது.' இந்த மூன்று வரி போதும். இணைவு மாறிய காலத்துப் பட்டதாரிகளுக்கு இந்த ஒரு கடிதம் எத்தனையோ இடங்களில் கைகொடுக்கும். இரண்டு மூன்று அசல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா மகனுக்குக் கதவு வேறு. அவருடைய பல்கலைக்கழகம் கலைக்கப்பட்டு அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டதால், மதிப்பெண் பதிவும் பொறுப்பும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டன. டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரபூர்வப் பட்டியல், அங்கே கேட்க வேண்டும். கனடா மதிப்பீட்டு நிறுவனங்கள் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பார்கள். மாணவர் கையால் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படிவத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் கேட்கும் இடத்தில் சான்றிதழில் இருப்பதை எழுத்து மாறாமல் எழுதச் சொல்லுங்கள். 'இப்போது அண்ணா பல்கலைக்கழகம்தானே' என்று சுருக்கி எழுதினால் சான்றிதழும் படிவமும் பொருந்தாமல் போய் இன்னும் தாமதமாகும். 2012 இணைப்பை விளக்கக் குறிப்புக்கு உள்ள இடத்தில் தனியாகச் சொன்னால் போதும். டிஜிலாக்கரில் பட்டம் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அண்மைக்கால பேட்ச்களுக்குச் சரி. பழைய பேட்ச்களுக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தம்பிக்கு எந்த வேலையும் இல்லை.

இனி மகள். உங்கள் காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம், அப்போது சீட் கிடைப்பது கஷ்டம், இப்போது எந்த சீட் என்று முடிவெடுப்பது கஷ்டம். நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட் ஆஃப். கல்லூரிகள் ஒரு கட்டத்தில் 500ஐத் தாண்டின. பிறகு சீட்டுகள் காலியாகக் கிடந்து பல மூடப்பட்டன. மாநிலத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி 47 சதவீதம்; நாட்டின் சராசரி 28.4. ஆகவே சேர்வது இப்போது பெரிய விஷயமில்லை. இன்னொன்று: முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை மகளுக்குக் கிடையாது, அப்பா பட்டதாரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிறதே என்று சான்றிதழுக்கு அலைய வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மட்டும் 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பாருங்கள்.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் மூன்று விஷயம் கேளுங்கள். பாடத்திட்டம் யாருடையது? வினாத்தாள் எடுத்துத் திருத்துவது யார்? பட்டத்தில் கையெழுத்து யாருடையது? சாதாரண இணைவுக் கல்லூரியில் மூன்றுக்கும் பதில் அண்ணா பல்கலைக்கழகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றும் அவர்களே; சேர்க்கையும் அவர்களே, மாநிலக் கவுன்சலிங்கும் அதோடு வரும் சலுகைகளும் அங்கே செல்லாது. தன்னாட்சியில் முதல் இரண்டும் கல்லூரி, கையெழுத்து மட்டும் பல்கலைக்கழகம்.

தன்னாட்சி புதிதல்ல. லயோலாவுக்கும் தாம்பரம் கிறித்தவக் கல்லூரிக்கும் 1978லேயே கிடைத்தது. அப்போது அது நூறு வருடப் பேர் பெற்ற கல்லூரிகளுக்கோ, தகுதியை நிரூபித்த ஒரு சில கல்லூரிகளுக்கோ கொடுத்த நம்பிக்கை. இன்று தரமதிப்பீட்டுப் புள்ளிகள் இருந்தால் விண்ணப்பித்து வாங்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2023 விதிகள்படி முதல் முறையே பத்து வருடத்துக்குக் கிடைக்கிறது. அதனால் 'அட்டானமஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் தரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தரமில்லை என்றும் முடிவுகட்டாதீர்கள். நல்ல தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டம் சீக்கிரம் புதுப்பிக்கப்படும், ரிசல்ட் தள்ளிப்போகாது. சுமாரான கல்லூரியில் தேர்வும் திருத்தலும் கல்லூரி கையிலேயே இருப்பதால் எல்லோரும் பாஸ், எல்லோரும் எட்டரை சிஜிபிஏ. படித்து முடித்து வெளியே வந்து வேறு ஒரு தேர்வு எழுதும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

இங்கே பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் வராது, ஏனென்றால் தேர்வு அவர்களுடையது. எனவே உங்கள் பழைய கல்லூரி சொல்லும் '95 சதவீதத் தேர்ச்சி'யைப் பக்கத்துக் கல்லூரியின் 60 சதவீதத்தோடு ஒப்பிடவே கூடாது. இரண்டும் வேறு வேறு வினாத்தாள். அதற்குப் பதில் தன்னாட்சி வருவதற்கு முந்தைய ஆண்டுகளின் பட்டியலில் அந்தக் கல்லூரி எங்கே நின்றது என்று தேடுங்கள். சென்ற ஆண்டுக் கவுன்சலிங்கில் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில், மகள் கேட்கும் பாடத்துக்கு எந்தக் கட் ஆஃப் வரை போனது, எந்தச் சுற்றில் நிரம்பியது என்பதையும் பாருங்கள். மாணவர்கள் காலால் நடந்துபோய்ப் போட்ட ஓட்டு அது, விளம்பரத்தைவிட நம்பகமானது. தேசிய அங்கீகார வாரியம் தரும் என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, பாடப்பிரிவுக்கு. மெக்கானிக்கலுக்கு இருப்பதைக் காட்டிக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் விற்பார்கள். எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரை என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றதும் இன்னொன்று. ஒரு பிரிவில் இத்தனை சீட்டுதான் என்ற உச்சவரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2024-25 முதல் நீக்கிவிட்டது. சிவில், மெக்கானிக்கலைச் சுருக்கிவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸையும் அதன் கிளைப் பெயர்களையும் பெருக்குகிற கல்லூரிகள் அதிகம். இந்தக் காலகட்டத்தின் மாற்றம் என்று பார்த்தால், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இதுதான் உங்கள் மகளைப் பாதிக்கும். கல்லூரிக்கு நேரில் போங்கள். அந்தத் துறையில் மூன்று வருடம் முன்பு எத்தனை சீட், இப்போது எத்தனை, கூடிய சீட்டுக்குத் தகுந்தபடி ஆசிரியர்கள் கூடினார்களா என்று கேளுங்கள். இணையதளத்தில் இருக்கும் ஆசிரியர் பட்டியலை எடுத்துப் போய், அதில் ஐந்து பேரைப் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுளித்தார்கள் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

நடுவில் பெயர் மாறினால்? மாறலாம். தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தி, இருக்கிற கல்லூரிகளே பல்கலைக்கழகமாக மாற வழிசெய்யும் மசோதா 2025 அக்டோபரில் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுபரிசீலனை செய்வதாக அரசு சொன்னது. விஷயம் அத்தோடு ஓயும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் படிக்கும் மாணவருக்குப் பாதுகாப்பு இருக்கும். இப்படிப்பட்ட மாற்றங்களில், ஏற்கெனவே சேர்ந்தவர்கள் பழைய பாடத்திட்டத்திலேயே முடிக்கலாம், அவர்களுக்குப் பட்டம் தருவது யார் என்பதற்கெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மாற்றுவார்கள். உங்கள் சொந்தப் பட்டமே அப்படி வந்ததுதான்.

சிக்கல் வருவது அரியர் வைத்தவர்களுக்கு. பி.இ.யை அதிகபட்சம் பதினான்கு செமஸ்டருக்குள் முடிக்க வேண்டும். அதற்குள் பாடத்திட்டமோ பல்கலைக்கழகமோ மாறினால், பழைய தாளுக்கு இணையான புதிய தாள் எது என்று தேடி எழுத வேண்டியிருக்கும். 2021ல் அண்ணா பல்கலைக்கழகம் இருபது வருடத்துக்கு முந்தைய பேட்ச் வரைக்கும் சிறப்பு அரியர் வாய்ப்புக் கொடுத்தது. அப்படி மறுபடி கொடுப்பார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கல்லூரியே மூடினால்கூட இதே கணக்குதான். படிப்படியாக மூடுவதென்றால் புதிய சேர்க்கை மட்டும் நிற்கும், இருக்கிறவர்கள் அங்கேயே முடிப்பார்கள்; ஒரேயடியாக மூடினால் வேறு கல்லூரிக்கு மாற்றுவார்கள். மதிப்பெண் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கும்.

தன்னாட்சிக் கல்லூரியில் மட்டும் இதில் ஒரு ஓட்டை உண்டு: செமஸ்டர் மதிப்பெண் விவரம் முதலில் கல்லூரியின் தேர்வுப் பிரிவிடம் இருக்கிறது. ஆகவே மகள் அங்கே சேர்ந்தால், ஒவ்வொரு செமஸ்டரும் கிரேடு ஷீட் வந்த அன்றே வாங்கிவிடச் சொல்லுங்கள். அந்த ஆண்டின் பாடத்திட்டப் புத்தகத்தையும் பிடிஎஃப்பாக எடுத்து வைக்கட்டும். பத்து வருடம் கழித்து வெளிநாட்டில் யாராவது 'எந்தெந்தப் பாடம், எத்தனை மணி நேரம்' என்று கேட்பார்கள். அப்போது கல்லூரி இணையதளத்தில் அது இருக்காது. சேரும்போது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அசல் சான்றிதழ்களைக் கேட்டால், சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரச் சொல்லுங்கள். கல்லூரிகள் அசலைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018லேயே சொல்லிவிட்டது. மாற்றுச் சான்றிதழ் மட்டும் அவர்களிடம் போகும். அதற்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.